இரண்டு கிடா கணக்கு: கருங்குறும்பை ஆட்டைக் காப்பாத்துறது எப்படி?

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. கால்குலேட்டர் எடுக்காம மனசுலயே பதில் சொல்லுங்க.

ஒரு ஊர்ப் பட்டியில் 100 பெட்டை ஆடு, 2 கிடா இருக்கு. பக்கத்து ஊர்ப் பட்டியில் 1000 பெட்டை, அங்கயும் 2 கிடாதான். ரெண்டு பட்டியும் ஒரே அரிய இனம். உலகத்துல வேற எங்கயும் அந்த இனம் இல்லன்னு வச்சுக்கோங்க. எந்த ஊர்ல அந்த இனம் பாதுகாப்பா இருக்கு?

"ஆயிரம் இருக்கிற ஊர்லதான், இதுல என்ன சந்தேகம்?" அப்படின்னுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனா மரபியல் கணக்குப்படி ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 900 பெட்டை அதிகமா இருந்தும் பெருசா எதுவும் மாறல. ஏன்னு புரிஞ்சுக்க பயாலஜி படிச்சிருக்க வேண்டியதில்லை. முதல் வருஷம் படிச்ச ரெசிஸ்டர் பாடம் போதும். அதுக்கு முன்னாடி, எந்த ஆட்டைப் பத்திப் பேசப் போறோம்னு சொல்லிடறேன்.

நம்ம ஊர் கருப்பு ஆடு

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தப்போ நாங்க எட்டாவது, ஒன்பதாவது படிச்சுக்கிட்டிருந்தோம். காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரின்னு நாட்டு மாட்டு இனங்களோட பேரெல்லாம் அப்போதான் எங்க தலைமுறைக்கு மனப்பாடம் ஆச்சு. இப்ப யாராவது "தமிழ்நாட்டுச் செம்மறி ஆட்டு இனம் மூணு சொல்லு"ன்னு கேட்டா? நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் முழிப்போம்.

தமிழ்நாட்டுல மேச்சேரி, மெட்ராஸ் ரெட், வேம்பூர், கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை, கோயம்புத்தூர், நீலகிரி, கச்சைகட்டி கருப்புன்னு நிறைய செம்மறி இனங்கள் இருக்கு. அதுல ஒண்ணுதான் திருச்சி கருப்பு. இதுக்குக் கருங்குறும்பைன்னும் பேர். பேர்ல திருச்சி இருக்கிறதால நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு நினைக்காதீங்க. இந்திய ஆட்டினங்களோட பழைய விவரப் பதிவுகள்ல இந்த இனம் எங்கெல்லாம் இருக்குன்னு ஒரு பட்டியல் வரும். பெரம்பலூர், திருச்சி, தருமபுரி பக்கங்களோட "தென்னார்க்காடு மாவட்டம், கள்ளக்குறிச்சி தாலுகா"வும் அதுல இருக்கு. அந்தத் தென்னார்க்காட்டில் இருந்து 1993-ல் விழுப்புரம் பிரிஞ்சது, 2019-ல் விழுப்புரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. மாவட்டத்தோட பேர் ரெண்டு தடவை மாறிடுச்சு. ஆட்டோட ஊர் மாறல. தியாகதுருகம் மலைக்கோட்டையில் ஏறி மேற்கே கல்வராயன் மலை வரைக்கும் பாத்தா தெரியுற மானாவாரிக் காடும் கரடும்தான் இந்த மாதிரி ஆடு மேயுற நிலம்.

எப்படி இருக்கும்? உடம்பு முழுக்கக் கருப்பு. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. காது சின்னதா, கீழேயும் முன்னாடியும் பாத்த மாதிரி இருக்கும். வால் குட்டையா, மெல்லிசா இருக்கும். மேலே முரட்டு ரோமம். உருவம் சின்னது. வளர்ந்த கிடாவே சுமார் 25 கிலோதான், பெட்டை அதைவிடக் குறைவு. மேச்சேரி கிடாவும் மெட்ராஸ் ரெட் கிடாவும் இதைவிட நல்ல எடை வரும்.

அந்த எடை வித்தியாசத்துலதான் பிரச்சினை ஆரம்பிக்குது.

ஏன் குறையுது?

முதல் காரணம் ரோமம். மேச்சேரி, மெட்ராஸ் ரெட் மாதிரி முடி ஆடுகள்ல கத்தரிச்சு நெய்யுற அளவுக்குக் கம்பளி கிடையாது. கருங்குறும்பைக்கு உண்டு. அது மெரினோ மாதிரி மெல்லிய கம்பளி இல்லை. உடம்புல குத்துற, முரட்டுக் கம்பளி. சாயமே போட வேண்டாம், பிறவிக் கருப்பு. மழைக்கும் பனிக்கும் போத்திக்கிற கருப்புக் கம்பளி இந்த மாதிரி ரோமத்துலதான் நெய்வாங்க. மில்லுல நெய்த போர்வை மலிவா கிடைக்க ஆரம்பிச்சதும் அந்தத் தேவை போச்சு. ரோமம் வெட்டுற கூலிக்கே ரோமம் விக்கிற காசு கட்டாதுன்னா, அதுக்காக யார் ஆடு வளர்ப்பாங்க?

ரெண்டாவது காரணம் கறி. ரோமத்துக்கு விலை இல்லன்னா மிச்சம் இருக்கிறது எடைதான். எடைன்னு வந்தா, பட்டிக்குள்ள ஒரு மேச்சேரி கிடாவையோ ஆந்திராப் பக்கத்து நெல்லூர் கிடாவையோ விட்டா, அடுத்த ஈத்துக் குட்டி கொஞ்சம் பெருசா வரும். வளர்க்கிறவருக்கு அது லாபம், அதுல தப்பே இல்லை. ஆனா ரெண்டு மூணு தலைமுறைக்கு அப்புறம் பட்டியில் கருப்பு ஆடு இருக்கும், கருங்குறும்பை இருக்காது. நிறத்தைத் தீர்மானிக்கிறது ஒரு சில ஜீன்தான். இனம்ங்கிறது ஆயிரக்கணக்கான ஜீன்களோட சேர்க்கை. அதனால கருப்பா இருக்கிறதை மட்டும் பாத்து இனத்தை முடிவு பண்ண முடியாது.

மூணாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் புதுசா இருந்தது. எங்க ஊர்ப் பக்கம் அறுவடை முடிஞ்ச வயல்ல கிடை போடுற ஒரு தாத்தாகிட்ட, "பொலிகிடாவை எப்படித் தாத்தா தேர்ந்தெடுப்பீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுச் சொன்னார்: "தேர்ந்தெடுக்கறது எங்க தம்பி? நல்லா இருக்கற கிடாதான் மொதல்ல விலைக்குப் போவுது. பக்ரீத்துக்கு ஒண்ணு, ஆடி மாசம் கோயிலுக்கு ஒண்ணு. போவாம நிக்கறதுதான் நம்ம பட்டிக்கு."

இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. வேகமா வளர்ற, திடமான கிடா அப்பா ஆகறதுக்கு முன்னாடியே சந்தைக்குப் போயிடுது. சந்தையில் விலை போகாத கிடாதான் அடுத்த தலைமுறைக்கு அப்பா. நாம பிளேஸ்மென்ட்ல பாக்கறதுக்கு நேர் எதிர்: இங்க செலக்ட் ஆனவங்க காணாமப் போயிடறாங்க. இது ஒவ்வொரு வருஷமும் நடந்தா இனம் தானாவே சிறுத்துப் போகும். அப்புறம் "நாட்டு ஆடு எடை வராது"ன்னு நாமளே சொல்லுவோம்.

இப்ப கணக்குக்கு வருவோம்

ஒவ்வொரு குட்டிக்கும் பாதி ஜீன் அப்பாகிட்ட இருந்து, பாதி அம்மாகிட்ட இருந்து. அப்படின்னா அடுத்த தலைமுறையோட மொத்த ஜீன்ல சரிபாதி கிடாக்கள் வழியாத்தான் வந்தாகணும். பட்டியில் 2 கிடா மட்டும் இருந்தா, அந்தப் பாதி முழுக்க ரெண்டே ஆட்டுக்குள்ள நுழைஞ்சு வருது. பெட்டை 100 ஆனாலும் 1000 ஆனாலும் அந்தக் குறுகலான வழி அகலமாகாது.

மரபியல்ல இதுக்கு "எஃபெக்டிவ் எண்ணிக்கை"ன்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. தலையை எண்ணிச் சொல்ற எண்ணிக்கை இல்லை இது. ஜீன் விஷயத்துல இந்தக் கூட்டம் உண்மையில எத்தனை ஆட்டுக்குச் சமம்னு சொல்றது. ஃபார்முலா இதுதான்:

எஃபெக்டிவ் எண்ணிக்கை = (4 × கிடா × பெட்டை) ÷ (கிடா + பெட்டை)

இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டா நமக்குப் பழக்கமான உருவம் வரும்:

1 ÷ எஃபெக்டிவ் எண்ணிக்கை = 1 ÷ (4 × கிடா) + 1 ÷ (4 × பெட்டை)

எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? பேரலல் ரெசிஸ்டர்! 2 கிடான்னா 8 ஓம். 100 பெட்டைன்னா 400 ஓம். ரெண்டையும் பேரலல்ல இணைச்சா 7.84 ஓம். இப்ப பெட்டையை 1000 ஆக்குங்க: 8 ஓமும் 4000 ஓமும் பேரலல்ல 7.98 ஓம். பேரலல் இணைப்போட மொத்த மதிப்பு எப்பவும் அதுல இருக்கிற சின்ன ரெசிஸ்டரைவிடக் குறைவுதான். பெட்டையை லட்சம் ஆக்கினாலும் அந்தப் பட்டி 8 ஆட்டைத் தாண்டாது. முதல் கேள்விக்கு விடை இதுதான்.

சரி, 8-ன்னா என்ன ஆகும்? ஒவ்வொரு தலைமுறைக்கும் இன்பிரீடிங், அதாவது சொந்தத்துக்குள்ளேயே சேர்றது, எவ்வளவு ஏறும்னு சொல்ல இன்னொரு எளிய சூத்திரம் இருக்கு:

தலைமுறைக்கு ஏறும் இன்பிரீடிங் = 1 ÷ (2 × எஃபெக்டிவ் எண்ணிக்கை)

100 பெட்டைக்கு வேற வேற கிடா எண்ணிக்கை போட்டுப் பாத்தா இப்படி வரும்:

1 கிடா: எஃபெக்டிவ் 3.96. தலைமுறைக்கு 12.6 சதவீதம்.
2 கிடா: எஃபெக்டிவ் 7.84. தலைமுறைக்கு 6.4 சதவீதம்.
10 கிடா: எஃபெக்டிவ் 36.4. தலைமுறைக்கு 1.4 சதவீதம்.
15 கிடா: எஃபெக்டிவ் 52.2. தலைமுறைக்கு 1 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே.

ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு சொல்ற குறைந்தபட்ச இலக்கு எஃபெக்டிவ் எண்ணிக்கை 50. அதாவது தலைமுறைக்கு 1 சதவீதத்துக்கு மேல இன்பிரீடிங் ஏறக் கூடாது. ஆட்டுக்கு ஒரு தலைமுறைன்னா சுமார் 3 முதல் 4 வருஷம். 2 கிடா பட்டி யாரும் கலக்காம 5 தலைமுறை ஓடினா, ஆரம்பத்துல இருந்த மரபணு வேறுபாட்டுல 28 சதவீதம் போயிடும். நாம பொறந்ததுல இருந்து காலேஜ் முடிக்கிற வரைக்குமான காலம்தான் அது. அதே பட்டியில் 10 கிடா இருந்திருந்தா இழப்பு 7 சதவீதம்தான். இன்பிரீடிங் ஏற ஏற, பொதுவா குட்டி பிழைக்கிறது குறையும், எடை குறையும், சினை பிடிக்கிறதும் குறையும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தச் சூத்திரம் எல்லா கிடாவுக்கும் சம வாய்ப்பு இருக்குன்னு எடுத்துக்குது. நிஜத்துல பலசாலிக் கிடா ஒண்ணே முக்கால்வாசிக் குட்டிக்கு அப்பாவா இருக்கும். அதனால நிஜ எண் இதைவிடக் குறைவாத்தான் இருக்கும்.

ஒரு கெட்ட வருஷம் போதும்

எண்ணிக்கை எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு வறட்சி, இல்லன்னா தடுப்பூசி போடாத வருஷத்துல ஒரு ஆட்டுக்கொல்லி நோய், பட்டியே காலியாகிடும். அப்புறம் மெதுவா மீண்டு வரும். அந்த ஒரு வருஷம் மரபணுக் கணக்குல எவ்வளவு கனம்?

அஞ்சு தலைமுறையோட எஃபெக்டிவ் எண்ணிக்கை 500, 500, 10, 500, 500-ன்னு வச்சுக்கோங்க. சாதாரண சராசரி 402. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க சாதாரண சராசரி செல்லாது, ஹார்மோனிக் சராசரிதான் எடுக்கணும். மறுபடியும் அதே ரெசிஸ்டர் மாதிரி தலைகீழ் கூட்டல்: 5 ÷ (4/500 + 1/10) = 46. நாலு நல்ல தலைமுறையை ஒரு கெட்ட தலைமுறை இழுத்துக் கீழே தள்ளிடுது. தலை எண்ணிக்கை பழையபடி 500 ஆயிடலாம். அந்த 10-ல் தொலைஞ்ச ஜீன் மட்டும் திரும்பி வராது.

தீவுகள் சொல்லித் தந்த பாடம்

சின்னக் கூட்டத்துக்கு என்ன ஆகும்னு உலகம் நல்லாப் படிச்ச இடங்கள் தீவுகள். எப்பவோ மனுஷன் கொண்டுபோய் விட்ட வீட்டு ஆடு, மாடு, குதிரையெல்லாம் மனுஷத் துணை இல்லாம காட்டு விலங்கு மாதிரி வாழப் பழகிடும். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துல நெடுந்தீவுல திரியுற குதிரைகள் இப்படித்தான். அந்தமான் கடல்ல எரிமலைத் தீவான பாரன் தீவில் இருக்கிற வெள்ளாடுகளும் இப்படித்தான்.

செம்மறியில் பேர் போனது சோவே ஆடு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுக் கூட்டத்துல இருக்கு. 1930-ல் அங்க இருந்த கடைசி மக்களும் தீவைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. 1932-ல் சோவேங்கிற சின்னத் தீவுல இருந்து 107 ஆட்டைப் பிடிச்சு, பெரிய தீவான ஹிர்ட்டாவில் விட்டாங்க. அதுக்கப்புறம் தீனியும் கிடையாது, மருந்தும் கிடையாது. 1985-ல் இருந்து விஞ்ஞானிகள் அந்த ஆடுகளை ஒண்ணொண்ணா அடையாளம் போட்டுப் பின்தொடர்றாங்க. சில குளிர்காலத்துல பாதிக்கு மேல செத்துப் போகும், அப்புறம் மறுபடி பெருகும். இன்பிரீடிங் அதிகமான ஆட்டுக்குப் பிழைக்கிற வாய்ப்பு குறையுதுன்னு அங்க நேரடியாவே அளந்து காட்டியிருக்காங்க.

ரெண்டாவது உதாரணம் நார்த் ரொனால்ட்சே. அதே ஸ்காட்லாந்துல ஆர்க்னி பக்கம் இருக்கிற ஒரு தீவு. 1832-ல் விளைநிலத்தைக் காப்பாத்த தீவைச் சுத்திக் கல்சுவர் கட்டி ஆட்டையெல்லாம் கடற்கரைப் பக்கம் தள்ளிட்டாங்க. அந்த ஆடுகள் கடற்பாசி தின்னே வாழப் பழகிடுச்சு. ஒரு இனம் மொத்தமும் ஒரே கரையில் இருந்தா, ஒரு எண்ணெய்க் கப்பல் கவிழ்ந்தாலே கதை முடிஞ்சது. இதை யோசிச்சு, பிரிட்டனின் அரிய இனப் பாதுகாப்பு அறக்கட்டளை 1974-ல் லிங்கா ஹோம்ங்கிற இன்னொரு தீவுல ஒரு கூட்டத்தைக் கொண்டுபோய் வச்சது. நம்ம பாஷையில் சொன்னா பேக்கப்.

மூணாவது, பேக்கப் எடுக்காம விட்ட கதை. நியூசிலாந்துக்குத் தெற்கே எண்டர்பி தீவுல காட்டுத்தனமா வாழ்ந்த மாட்டு இனம் ஒண்ணு இருந்தது. அங்க உள்ள இயற்கைச் செடிகளை அழிக்குதுன்னு 1990-களின் தொடக்கத்துல அதுங்களைச் சுட்டுத் தீர்த்தாங்க. கடைசியில் மிஞ்சினது ஒரே ஒரு பசு. அதுக்கு "லேடி"ன்னு பேர் வச்சாங்க. 1998-ல் குளோனிங் பண்ணித்தான் அந்த இனத்தை நீட்டிச்சாங்க. தீவுக்குச் செடியும் முக்கியம்தான். ஆனா மாட்டை வெளியே எடுக்கிறதுக்கு முன்னாடியே நாலஞ்சு குடும்பத்தை வேற இடத்துல வளர்த்திருந்தா, லேப்புக்குப் போக வேண்டிய நிலைமை வந்திருக்காது.

தீவு ஆட்டுக்கும் கருங்குறும்பைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. தீவுல சுத்தியும் கடல், வெளியாள் கிடா உள்ளே வரவே முடியாது. அங்க ஆபத்து இன்பிரீடிங் மட்டும்தான். கள்ளக்குறிச்சியில் கடலும் இல்லை, சுவரும் இல்லை. ஒரு டாட்டா ஏஸ்ல எந்த ஊர்க் கிடாவும் எந்தப் பட்டிக்கும் வந்துடும். அதனால இங்க ஆபத்து ரெண்டு பக்கமும் இருக்கு: கதவைத் திறந்தா கலப்பு, மூடினா இன்பிரீடிங்.

இதெல்லாம் எதுக்கு?

"ஒரு சின்ன ஆடு போனா போகட்டும், பெரிய ஆடு வளர்த்துக்கலாம்" அப்படின்னு யாராவது சொல்லலாம். நியாயமான கேள்விதான். அதுக்கு என்னோட பதில் ஒரு கதை.

வங்காளத்துச் சுந்தரவனத்துல கரோல்னு ஒரு குட்டை ஆடு இருக்கு. முழங்கால் தண்ணியில் நின்னு மேயும். பாத்தா யாரும் பெருசா மதிக்க மாட்டாங்க. 1790-களில் வங்காளத்துல இருந்து கொஞ்சம் ஆடு கப்பல் ஏறி ஆஸ்திரேலியா போச்சு. பல தலைமுறை கழிச்சு, அங்க பூரூலாங்கிற மெரினோ கூட்டத்துல மட்டும் பெட்டைகள் ஒரே ஈத்துல ரெண்டு, மூணு குட்டி போடுறதைக் கவனிச்சாங்க. 2001-ல் அதுக்குக் காரணமான ஒற்றை ஜீன் மாற்றத்தைக் கண்டுபிடிச்சாங்க. பின்னாடி தேடிப் பாத்தா அதே மாற்றம் நம்ம கரோல் ஆட்டுல! மகாராஷ்டிராவின் பல்டணில் இருக்கிற நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், அந்த ஜீனைத் தக்காண ஆட்டுக்குள்ள கொண்டுவந்து "நாரி சுவர்ணா"ங்கிற ஆட்டை உருவாக்கியிருக்கு. நம்ம நீலகிரி ஆட்டுலயும் அதே ஜீன் மாற்றம் இருக்குன்னு பின்னாடி தெரிய வந்தது.

1790-களில் யாருக்கும் ஜீன்னா என்னன்னே தெரியாது. "குட்டை ஆடு, எடை வராது"ன்னு அன்னைக்கே கரோலைக் கலந்து தீர்த்திருந்தா, அந்த ஜீன் நம்ம கையில் இருந்திருக்காது. கருங்குறும்பையோட சின்ன உடம்புக்கும் ஒரு அர்த்தம் உண்டு. சின்ன உடம்புக்குத் தீனியும் தண்ணியும் குறைவாப் போதும். கோடை வருஷா வருஷம் கடுமையாகிற ஊர்ல அது சின்ன விஷயம் இல்லை.

ஃப்ரீஸ் பண்ணி வச்சா போதாதா?

நம்ம ஆளுங்களுக்கு உடனே தோணுற யோசனை இது. ஹரியானாவின் கர்னாலில் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் இருக்கு. இனங்களைப் பதிவு பண்றதும், விந்தணுவை உறைய வச்சுச் சேமிக்கிறதும் அவங்க வேலை. கட்டாயம் வேணும், ஆனா அது மட்டும் போதாது.

மாட்டுக்குச் சினை ஊசி போடறது நம்ம ஊர்ல சாதாரணம். செம்மறிக்கு அப்படி இல்லை. பெட்டை ஆட்டோட கருப்பை வாய் வளைஞ்சு நெளிஞ்சு இருக்கிறதால ஊசிக்குழாய் உள்ளே போகாது. உறைய வச்ச விந்தணுவை வாயிலேயே விட்டா சினை பிடிக்கிறது ரொம்பக் குறைவு. வயித்துல சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப் வழியா நேரா கருப்பைக்குள்ள விட்டாத்தான் நல்ல பலன். அதைக் கிடை மடக்குற வயல்ல போய்ச் செய்ய முடியுமா? அதனால செம்மறியைப் பொறுத்தவரைக்கும் நடமாடும் கிடாதான் நிஜமான ஜீன் பேங்க். இன்னொண்ணும் இருக்கு. உறைய வச்ச ஜீன் மாறாது. நம்ம வெயில், நம்ம நோய், நம்ம மேய்ச்சலோட சேர்ந்து மாறிக்கிட்டே வர்றது உயிரோட இருக்கிற ஆடுதான்.

பத்துப் பட்டி வளையம்

இப்ப டிசைன் வேலை. 100 பெட்டைக்கு 15 கிடா வேணும்னு கணக்கு சொல்லுது. ஆடு வளர்க்கிறவர் 30, 40 பெட்டைக்கு ஒரு கிடான்னுதான் வச்சிருப்பார். 15 கிடாவைச் சும்மா வச்சுத் தீனி போடுங்கன்னு சொன்னா நம்மளை விரட்டி விட்டுடுவார். அது சரியும்கூட.

ஆனா ஒரு பட்டியால முடியாததைப் பத்துப் பட்டி சேர்ந்து செய்யலாம். ஒவ்வொரு பட்டியிலும் 50 பெட்டை, 2 கிடா. தனித்தனியா இருந்தா ஒவ்வொண்ணும் எஃபெக்டிவ் 7.7-தான். பத்தையும் ஒரே கூட்டமா எடுத்துக்கிட்டா 500 பெட்டை, 20 கிடா. கணக்குப் போடுங்க: 40,000 ÷ 520 = 77. ஐம்பதைத் தாண்டிடுச்சு! கூடுதலா ஒரு கிடா கூட வாங்கல.

ஒரே நிபந்தனை, கிடா சுத்தி வரணும். முதல் பட்டிக் கிடா ரெண்டாவது பட்டிக்கு, ரெண்டாவது மூணாவதுக்கு, பத்தாவது திரும்ப முதலாவதுக்கு. தன் மகள்கள் சினைக்கு வர்றதுக்குள்ள கிடா அடுத்த ஊருக்குப் போயிடணும். இதுக்குச் சுழற்சி முறை இனச்சேர்க்கைன்னு பேர். தண்ணி இல்லாத தீவு இதுதான்: வளையத்துக்குள்ள தாராளமா நடமாட்டம், வெளிக் கிடாவுக்குக் கதவு மூடல்.

நடைமுறைச் சிக்கல் மூணு இருக்கு.

ஒண்ணு, நோய். கிடாவோட நோயும் ஊர் ஊராப் போகும். அதனால ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசி போட்டு, கொஞ்ச நாள் தனியாக் கட்டி வச்சுப் பாத்துத்தான் அடுத்த பட்டியில் விடணும்.

ரெண்டு, பணம். தாத்தா சொன்ன மாதிரி நல்ல கிடாதான் முதல்ல விலைக்குப் போகும். அதை விக்காம நிறுத்தி வைக்கிறவருக்குப் பண்டிகை விலைக்கு ஈடா ஏதாவது கிடைக்கணும். பத்துப் பட்டிக்காரங்களும் ஒரு பொது நிதி போட்டு, வருஷத்துக்கு நாலஞ்சு நல்ல கிடாவைச் சந்தைக்கு முன்னாடி தாங்களே வாங்கிடறது ஒரு வழி.

மூணு, நம்பிக்கை. "என் கிடாவை அவன் பட்டியில் விட்டா திரும்பி வருமா?" இதுக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. எழுதி வச்ச பதிவேடு மட்டும்தான் கொஞ்சம் உதவும்.

நாம என்ன செய்யலாம்?

அந்தப் பதிவேடுதான் நம்ம வேலைன்னு எனக்குத் தோணுது. கால்நடைக்கு 12 இலக்கக் காது டேக் ஏற்கனவே நாட்டுல நடைமுறையில் இருக்கு. அந்த எண்ணை வச்சு, எந்தக் கிடா எந்த மாசம் எந்தப் பட்டியில் இருந்தது, எப்ப அடுத்த ஊருக்குப் போகணும்னு தமிழ்ல சொல்ற ஒரு சின்ன மொபைல் ஆப், நம்ம மினி பிராஜெக்ட் அளவு வேலைதான். டைப் பண்ணத் தெரியாதவங்களுக்குக் குரல்ல பதிவு. சிக்னல் இல்லாத மலையடிவாரத்துக்கு ஆஃப்லைன் வசதி. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை சுத்தினா இன்பிரீடிங் எவ்வளவு குறையும்னு பைத்தான்ல ஒரு சிமுலேஷன் எழுதினா ஒரு வார இறுதியில் முடிஞ்சிடும். எடை போட ஒரு மலிவான லோட் செல் தராசு இருந்தா, எந்தக் கிடா உண்மையில நல்லா வளருதுன்னு சந்தைக்கு முன்னாடியே தெரியும்.

ஆனா ஆப் எழுதுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. எண்ணணும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ உங்க ஊர்ப் பட்டியில் போய்ப் பாருங்க. மொத்தம் எத்தனை ஆடுன்னு கேட்காதீங்க, பொலிகிடா எத்தனைன்னு கேளுங்க. அது எங்க பொறந்தது, எத்தனை வருஷமா இதே பட்டியில் இருக்குன்னும் கேளுங்க. முழுக் கருப்பா, கொம்பு இருக்கா, காது எப்படின்னு ஒரு போட்டோ எடுங்க. பக்கத்து அரசு கால்நடை மருந்தக டாக்டர்கிட்ட காட்டிப் பேசுங்க. ஒரு செமஸ்டர்ல நம்ம டிபார்ட்மென்ட் பசங்க சேர்ந்தா தியாகதுருகத்துல இருந்து கல்வராயன் அடிவாரம் வரைக்கும் ஒரு நல்ல பட்டியல் கையில் இருக்கும். வளையம் போட அதுதான் முதல் புள்ளி.

பயிற்சிக் கணக்கு

1. உங்க ஊர்ப் பட்டியில் 60 பெட்டை, 3 கிடா. எஃபெக்டிவ் எண்ணிக்கை என்ன?

2. அதே 60 பெட்டைக்கு 50-ஐத் தொட எத்தனை கிடா வேணும்?

3. நாலு தலைமுறையில் எஃபெக்டிவ் எண்ணிக்கை 300, 300, 20, 300. ஹார்மோனிக் சராசரி என்ன?

விடைகள்: 11.4, 16 கிடா, 66.7. மூணாவது விடையைச் சாதாரண சராசரியான 230-ஓட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு கெட்ட வருஷத்தோட கனம் அப்பப் புரியும்.